கடைத்தொகுதிக்குச் சொந்தக்காரர் யார்? வர்த்தகச் சொத்து முதலீட்டில் ஒரு வாழ்க்கைத்தொழில்

தெம்பனிஸ் மால் கடைத்தொகுதிக்குள் நுழையாத சிங்கப்பூர் இளையர் குறைவு. படம் பார்க்க, நண்பர்களுடன் சாப்பிட, தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் குளிரூட்டியில் உட்கார என ஏதாவது ஒரு காரணம் இருக்கும். அந்தக் கட்டடம் யாருக்குச் சொந்தம் என்று கேட்டால், ‘யாராவது பெரும் பணக்காரருக்கு’ என்றோ ‘அரசாங்கத்துக்கு’ என்றோ பதில் வரும்.

உண்மையில் அதன் உரிமையாளர்கள் பல்லாயிரம் பேர். ஓய்வுபெற்ற ஆசிரியர், டாக்சி ஓட்டுநர், காப்புறுதி நிறுவனம், வெளிநாட்டு ஓய்வூதிய நிதி எனப் பலர் அதில் பங்கு வைத்திருக்கலாம். சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் குறைந்தது 100 பங்குகள் வாங்க வேண்டும். அதற்குச் சில நூறு வெள்ளி போதும்.

இத்தனை பேர் சேர்ந்து ஒரு கட்டடத்தை நடத்த முடியாது. எந்தக் கடைக்கு இடம் கொடுப்பது, வாடகையை எவ்வளவு உயர்த்துவது, எப்போது கடன் வாங்குவது, எப்போது விற்பது என்று முடிவெடுக்க ஒரு குழு வேண்டும். மற்றவர்கள் பணத்தில் அலுவலகம், கடைத்தொகுதி, கிடங்கு, ஹோட்டல் போன்றவற்றை வாங்கி, நடத்தி, விற்று, அதற்குக் கட்டணம் பெறும் தொழில்தான் வர்த்தகச் சொத்து முதலீட்டு நிர்வாகம்.

வீடு விற்கும் முகவர் வேலையுடன் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். முகவர்கள் சொத்து முகவர் மன்றத்தில் பதிவு செய்து, ஒவ்வொரு விற்பனைக்கும் தரகு பெறுபவர்கள். அதுவும் மதிப்புள்ள தொழில்தான். ஆனால் முகவரின் பணி பெரும்பாலும் விற்பனை முடியும் நாளோடு முடிகிறது. முதலீட்டு நிர்வாகியின் பணி அந்த நாளில்தான் தொடங்குகிறது.

முதல் முயற்சி தோற்றது

சிங்கப்பூரில் இந்தத் தொழில் பெரிதாக வளர்ந்ததற்கு ‘ரீட்’ எனப்படும் சொத்து முதலீட்டு அறக்கட்டளை முக்கியக் காரணம். கட்டடங்களைச் சிறு சிறு பங்குகளாக்கிப் பங்குச் சந்தையில் விற்கும் ஏற்பாடு அது. வரிக்குரிய வருமானத்தில் 90 விழுக்காட்டுக்குக் குறையாமல் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால், பகிர்ந்தளிக்கும் தொகைக்கு அறக்கட்டளை அளவில் வரி இல்லை. பணம் கையில் தங்காது என்பதால் புதிய கட்டடம் வாங்க வேண்டுமானால் கடன் வாங்க வேண்டும், அல்லது பங்குதாரர்களிடம் மறுபடியும் போய் நிற்க வேண்டும்.

இன்று ஏறத்தாழ 40 ரீட்களும் சொத்து அறக்கட்டளைகளும் இங்கே பட்டியலிடப்பட்டுள்ளன. ஆனால் தொடக்கம் அவ்வளவு சுலபமாக இல்லை. 2001 நவம்பரில் ‘சிங்மால் பிராப்பர்ட்டி டிரஸ்ட்’ என்ற பெயரில் தெம்பனிஸ் மால், பீஷானின் ஜங்ஷன் 8, ஃபுனான் ஆகிய மூன்று கடைத்தொகுதிகளின் பங்குகள் விற்பனைக்கு வந்தன. செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து இரண்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன. போதுமான முதலீட்டாளர்கள் வரவில்லை. விற்பனை கைவிடப்பட்டது.

அதே மூன்று கடைத்தொகுதிகள் 2002 ஜூலையில் ‘கேப்பிட்டாமால் டிரஸ்ட்’ என்ற பெயரில் பங்கு ஒன்று 96 காசுக்கு மீண்டும் வந்தன. இம்முறை வரவேற்பு கிடைத்தது. கட்டடங்கள் மாறவில்லை, கடைகளும் பெரிதாக மாறவில்லை. முதலீட்டாளருக்குக் கிடைக்கும் வருவாய் எவ்வளவு என்ற கணக்கு மாறியிருந்தது. சந்தையின் மனநிலையும் மாறியிருந்தது. இத்துறைக்கு வர நினைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் இதுதான் என்பேன்.

ஒரு கட்டடத்தின் கணக்கு

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். உயர்நிலைப் பள்ளி விழுக்காட்டுக் கணக்கே போதும்.

ஓர் அலுவலகக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். பராமரிப்பு, சொத்து வரி போன்ற செலவுகள் போக ஆண்டுக்கு 5 மில்லியன் வெள்ளி நிகர வாடகை வருகிறது. ஆண்டுக்கு 5 விழுக்காடு வருவாய் போதும் என்று வாங்குவோர் நினைக்கும் காலத்தில் அதன் விலை 100 மில்லியன் வெள்ளி. சில ஆண்டுகள் கழித்து வட்டி ஏறிவிடுகிறது. வங்கியில் போட்டாலே நல்ல வட்டி கிடைக்கிறதே என்று வாங்குவோர் 6 விழுக்காடு கேட்கிறார்கள். அதே கட்டடம், அதே வாடகை, ஆனால் விலை இப்போது ஏறத்தாழ 83 மில்லியன் வெள்ளி. ஒரு செங்கல்கூட விழாமலே 17 மில்லியன் வெள்ளி காணாமல் போய்விட்டது.

இதோடு கடனைச் சேர்த்துப் பாருங்கள். 100 மில்லியனில் 40 மில்லியன் வங்கிக் கடன், 60 மில்லியன் முதலீட்டாளர்களின் பணம் என்று வைத்துக்கொள்வோம். விலை 83 மில்லியனாகக் குறைந்தாலும் வங்கிக்குத் தர வேண்டிய 40 மில்லியன் குறையாது. முதலீட்டாளர்களின் 60 மில்லியன் 43 மில்லியனாகிவிடும். கட்டட விலை 17 விழுக்காடு சரிந்தால் முதலீட்டாளர் பணம் 28 விழுக்காடு சரிகிறது. கட்டட மதிப்பில் கடனின் பங்கு 40 விழுக்காட்டிலிருந்து 48 விழுக்காட்டுக்கு ஏறிவிடுகிறது. சிங்கப்பூர் நாணய ஆணையம் ரீட்களுக்கு விதித்துள்ள வரம்பு 50 விழுக்காடு. அந்த எல்லைக்கு வந்துவிட்டால் மேற்கொண்டு கடன் வாங்க முடியாது. நல்ல கட்டடத்தை நல்ல விலை வரும்வரை வைத்திருக்க முடியாமல் அவசரமாக விற்க நேரிடலாம்.

வட்டிச் செலவு தனி. அந்த 40 மில்லியனுக்கு 2 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 800,000 வெள்ளி. 4 விழுக்காடு என்றால் 1.6 மில்லியன் வெள்ளி. பங்குதாரர்களுக்குப் போக வேண்டிய 4.2 மில்லியன் 3.4 மில்லியனாகக் குறைகிறது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. இது வெறும் கற்பனைக் கணக்கு அல்ல. 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி விகிதம் 2023 ஜூலைக்குள் 5.25 முதல் 5.5 விழுக்காட்டுக்கு ஏறியது. உலகெங்கும் கட்டட உரிமையாளர்கள் இந்தக் கணக்கை வேர்வையுடன் போட்டுப் பார்த்த காலம் அது.

கடன் என்பது பரமபதத்தில் ஏணியும் பாம்பும் ஒரே கட்டத்தில் இருப்பது போன்றது. இந்த அனுபவம் சிங்கப்பூர்த் தமிழர்களின் வரலாற்றிலும் உண்டு. மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் வரிசையாக இருந்த காலத்தில் நிலத்தையும் கடைவீடுகளையும் தோட்டங்களையும் அடமானமாகப் பெற்றுக் கடன் கொடுத்தார்கள். 1930களின் பெருமந்தத்தில் ரப்பர் விலை சரிந்தபோது மலாயாவில் கடன் வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை. பணமாகத் திரும்ப வேண்டியது நிலமாகத் திரும்பியது. கொடுத்தவர் கையிலும் ரொக்கம் இல்லை. அதே மார்க்கெட் ஸ்திரீட்டில் இன்று 51 மாடி கேப்பிட்டாஸ்பிரிங் நிற்கிறது. தெரு ஒன்றுதான், தொழிலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

சரி, விலையும் வட்டியும் நம் கையில் இல்லை என்றால் நிர்வாகி எதற்கு? வாடகை அவர் கையில் இருக்கிறது. 5 மில்லியன் நிகர வாடகையை 5.5 மில்லியனாக உயர்த்தினால், அதே 5 விழுக்காட்டுக் கணக்கில் கட்டடத்தின் விலை 110 மில்லியன். பயன்படாத மூலையைக் கடையாக மாற்றுவது, ஒரே பெரிய தளத்தை நான்கு சிறு அலுவலகங்களாகப் பிரிப்பது, மின்கட்டணத்தை விழுங்கும் பழைய குளிரூட்டி இயந்திரத்தை மாற்றுவது எல்லாமே இந்தக் கணக்கில் வரும். சில சமயம் மொத்தமாக இடித்துக் கட்ட வேண்டியிருக்கும். கணினிக் கடைகளுக்குப் பெயர்பெற்ற பழைய ஃபுனான் 2016ல் மூடப்பட்டு, 2019 ஜூனில் கடைகளும் அலுவலகங்களும் தங்குமிடமும் சேர்ந்த புதிய கட்டடமாகத் திறந்தது. மூன்று ஆண்டுகள் ஒரு காசு வாடகை வராமல் இருந்தாலும் பரவாயில்லை என்று முடிவெடுக்க எவ்வளவு துணிச்சலும் எத்தனை எக்செல் பக்கங்களும் தேவைப்பட்டிருக்கும் என்று அங்குள்ள மிதிவண்டிப் பாதையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

கட்டடம் இல்லாமல் தொடங்கிய நிறுவனம்

இத்துறையில் சொந்த நிறுவனம் தொடங்க முடியுமா? முடியும் என்பதற்குச் சிங்கப்பூரிலேயே சான்று உண்டு. ஜான் லிம் தேசியப் பல்கலைக்கழகத்தில் படித்தது பொறியியல். டிபிஎஸ் லேண்ட் உள்ளிட்ட நிறுவனங்களில் நெடுங்காலம் வேலை பார்த்த பிறகு 2002ல் ‘ஏஆர்ஏ’ நிறுவனத்தைத் தொடங்கினார். ஹாங்காங் செல்வந்தர் லி கா‌ ஷிங்கின் சுங் கோங் குழுமம் அதில் பங்குதாரராகச் சேர்ந்தது.

2003 ஆகஸ்ட்டில் ஹாங்காங்கில் உள்ள ஐந்து கடைத்தொகுதிகளைக் கொண்ட ‘ஃபார்ச்சூன் ரீட்’டை ஏஆர்ஏ சிங்கப்பூரில் பட்டியலிட்டது. சார்ஸ் கிருமி ஹாங்காங்கை வாட்டிய சில மாதங்களிலேயே இது நடந்தது. ஹாங்காங்கின் சொந்தச் சந்தையில் முதல் ரீட் 2005ல்தான் வந்தது. அந்த இடைவெளியைக் கண்டதுதான் வணிகக் கண். 2004 டிசம்பரில் சன்டெக் சிட்டியின் கடைகளையும் அலுவலகங்களையும் கொண்ட சன்டெக் ரீட் வந்தது. 2007ல் ஏஆர்ஏ நிறுவனமே பங்குச் சந்தைக்கு வந்தது. பத்து ஆண்டுகள் கழித்துச் சந்தையிலிருந்து விலகியது. 2022 ஜனவரியில் அதை ஈஎஸ்ஆர் நிறுவனம் 5.2 பில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கி முடித்தது.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது கடைசி எண்ணை அல்ல. தொடங்குமுன் அவர் எத்தனை ஆண்டுகள் மற்றவர்களிடம் வேலை செய்தார், யாருடைய நம்பிக்கையைப் பெற்றார் என்பதே முக்கியம். பட்டம் வாங்கிய கையோடு நண்பர்கள் நால்வர் சேர்ந்து செயலி ஒன்றை உருவாக்கித் தொழில் தொடங்கலாம். ஆனால் 100 மில்லியன் வெள்ளிக் கட்டடத்தை 24 வயதுக்காரரிடம் யாரும் ஒப்படைக்க மாட்டார்கள். சிங்கப்பூரில் ரீட் நிர்வாக நிறுவனம் நடத்த நாணய ஆணையத்தின் மூலதனச் சந்தைச் சேவை உரிமம் வேண்டும். அதன் தலைமை நிர்வாகிக்குக் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் எதிர்பார்க்கப்படுகிறது. இது பொறுமைக்காரர்களின் தொழில்.

கட்டணத்தில் இருக்கும் கண்ணி

இங்கே இளையர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய, நிறுவன அறிமுகக் கூட்டங்களில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு.

நிர்வாக நிறுவனத்தின் வருமானம் கட்டணம். நிர்வகிக்கும் சொத்தின் மதிப்பில் ஆண்டுக்கு 0.3 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 100 மில்லியன் வெள்ளிச் சொத்துக்கு 300,000 வெள்ளி. நான்கைந்து பேருக்குச் சம்பளம் கொடுத்து அலுவலக வாடகையும் கட்டினால் மிச்சம் இருக்காது. ஒரு பில்லியன் வெள்ளிச் சொத்து இருந்தால் 3 மில்லியன் வரும், நிறுவனம் மூச்சுவிடும். ஆகவே பெரிதாக வேண்டும் என்ற அழுத்தம் முதல் நாளிலிருந்தே இருக்கும். போதாக்குறைக்கு, கட்டடம் வாங்கும்போது விலையில் 1 விழுக்காடு வரை தனிக் கட்டணம் பெறும் வழக்கமும் பரவலாக உள்ளது. 100 மில்லியன் கட்டடத்தை வாங்கினால் அன்றே 1 மில்லியன் வெள்ளி. வாங்காமல் விட்டால் ஒன்றுமில்லை. அந்தக் கட்டடம் பத்து ஆண்டுகளில் நல்ல வாடகை தருமா என்பது பங்குதாரர்களின் கவலை. கட்டணம் வந்து சேர்ந்துவிட்டது.

நிர்வாகியின் நலனும் பங்குதாரரின் நலனும் மோதினால் பங்குதாரரின் நலனுக்கே முன்னுரிமை என்று சிங்கப்பூர்ச் சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்வது வேறு. கூட்ட அறையில், எல்லாரும் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கும்போது, ‘இந்த விலை அதிகம், வேண்டாம்’ என்று இளம் பகுப்பாய்வாளர் ஒருவர் சொல்வது வேறு. அப்படிச் சொல்ல முடிகிற நிறுவனத்தில் வேலை தேடுங்கள். சொல்ல முடியாத நிறுவனம் எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் யோசியுங்கள்.

தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ‘ஈகிள் ஹாஸ்பிட்டாலிட்டி டிரஸ்ட்’ நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் 18 ஹோட்டல்களைக் கொண்டு 2019 மே மாதம் சிங்கப்பூரில் பட்டியலிடப்பட்டது. ஒவ்வொரு ஹோட்டலுக்கும் ஒரு வாடகைதாரர் இருந்தார். ஆனால் அந்த வாடகைதாரர்கள் அந்த அறக்கட்டளையைத் தொடங்கிய குழுமத்துடன் தொடர்புடைய நிறுவனங்களே. பதினெட்டு இடம், பின்னால் ஒரே பணப்பை. அந்தப் பை வற்றியதும் வாடகை நின்றது. ஓராண்டு நிறையுமுன், 2020 மார்ச்சில், பங்கு வர்த்தகம் நிறுத்தப்பட்டது. 2021 ஜனவரியில் அமெரிக்காவில் நொடிப்புப் பாதுகாப்பு கோரப்பட்டது. ஓய்வுக்காலத்தில் அவ்வப்போது சிறு தொகை வரும் என்று நம்பிப் போட்டவர்களின் சேமிப்பும் அதில் இருந்தது. கட்டடங்களை அல்ல, வாடகைதாரர்களின் பெயர்ப் பட்டியலை நிதானமாகப் படித்திருந்தால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி தெரிந்திருக்கும்.

எங்கே தொடங்குவது?

தேசியப் பல்கலைக்கழகத்தின் வர்த்தகப் பள்ளியில் சொத்துத் துறைக்கெனத் தனிப்பிரிவு உள்ளது. அதுவே ஒரே வாசல் அல்ல. கணக்கியல், பொருளியல், பொறியியல், சட்டம் படித்தவர்களும் வருகிறார்கள். தரவு மையங்களை மட்டும் கொண்ட கெப்பல் டிசி ரீட், மருத்துவமனைகளை வைத்திருக்கும் பார்க்வே லைஃப் ரீட் போன்றவை இருப்பதால், மின்சாரமும் குளிரூட்டலும் தெரிந்தவர்களுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ கட்டடச் சேவைகள் படித்தவர் கட்டட நிர்வாகத்தில் நுழைந்து, பிறகு பகுதிநேரமாகப் பட்டம் பெற்று முதலீட்டுப் பக்கம் வர வழி உண்டு. மதிப்பீட்டாளராக விரும்புவோர் உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் உரிமம் பெற வேண்டும்.

முதல் வேலை எதுவாக இருக்கலாம்? எல்லாரும் முதலீட்டுக் குழுவில் சேரத் துடிக்கிறார்கள். அங்கே இடங்கள் மிகக் குறைவு. என்னைக் கேட்டால் குத்தகைப் பிரிவு நல்ல தொடக்கம். கடைக்காரர் எந்த வாடகையில் பேரத்தை விட்டு எழுந்து போவார், எந்த மாதத்தில் அவர் கட்டணம் தாமதமாகும், எதிர்த்த கடைத்தொகுதி அவருக்கு என்ன சலுகை காட்டியது என்பதெல்லாம் எக்செல் பக்கத்தில் வருவதற்கு முன்பே குத்தகை அதிகாரிக்குத் தெரியும். இங்கே தமிழ் பேசும் இளையர்களுக்கு ஒரு சிறு கூடுதல் பலமும் இருக்கிறது: சிராங்கூன் ரோட்டுக் கடைக்காரருடனும் சென்னை அல்லது பெங்களூரு வணிகப் பூங்காவில் இடம் தேடும் நிறுவனத்துடனும் அவரவர் பேச்சு வழக்கில் பேச முடிகிறவர்கள் இத்துறையில் அதிகம் இல்லை. பெங்களூரு, ஹைதராபாத், சென்னை நகரங்களில் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களை வைத்திருக்கும் கேப்பிட்டாலேண்ட் இந்தியா டிரஸ்ட் சிங்கப்பூரில்தான் பட்டியலிடப்பட்டிருக்கிறது.

அமெரிக்காவின் மிகப் பெரிய அலுவலகக் கட்டட நிறுவனத்தை உருவாக்கி, 2007 பிப்ரவரியில் 39 பில்லியன் டாலர் மதிப்பில் பிளாக்ஸ்டோன் நிறுவனத்துக்கு விற்ற சேம் ஸெல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது மாணவர் குடியிருப்பு ஒன்றை நிர்வகித்துத்தான் தொழிலைக் கற்றார். குழாய் ஒழுகுகிறது என்று நள்ளிரவில் கதவு தட்டப்படும் வேலை. அடுத்த ஆண்டே உலகச் சந்தை கவிழ்ந்தது என்பதால் அவர் விற்ற நேரத்தை இன்றும் வியந்து பேசுவார்கள்.

வரும் விடுமுறையில் ஒன்று செய்து பாருங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள, ரீட் ஒன்றுக்குச் சொந்தமான கடைத்தொகுதியைத் தேர்ந்தெடுங்கள். அதன் ஆண்டறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். பளபளக்கும் படங்களைத் தாண்டி நான்கு விவரங்களைத் தேடுங்கள்: எந்த ஆண்டில் எத்தனை விழுக்காட்டுக் குத்தகைகள் முடிகின்றன, முதல் பத்து வாடகைதாரர்கள் யார், கடன் எவ்வளவு, நிலக் குத்தகையில் இன்னும் எத்தனை ஆண்டுகள் பாக்கி. பிறகு செவ்வாய்க்கிழமைப் பிற்பகல் ஒருமுறை, சனிக்கிழமை மாலை ஒருமுறை நேரில் போய் மூடிய கடைகளை எண்ணுங்கள். நகர மறுசீரமைப்பு ஆணையம் காலாண்டுதோறும் வெளியிடும் வாடகை விவரங்களுடன் ஒப்பிடுங்கள். வேலையிடப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது இந்த இரண்டு பக்கக் குறிப்பை இணைத்தால், ‘ஆர்வமுள்ளவன்’ என்று நீங்களே எழுதிக்கொள்ளத் தேவையிருக்காது.

ஆண்டிறுதியில் கணக்கை முடிக்கும் ரீட்கள் ஏப்ரல் மாத வாக்கில் ஆண்டுப் பொதுக் கூட்டம் நடத்துகின்றன. பங்கு வாங்கச் சொல்லவில்லை. வீட்டில் யாராவது ஏற்கெனவே வைத்திருந்தால் அந்தக் கூட்டத்துக்கு முன்பே கேள்விகளை எழுதி அனுப்ப அவர்களுக்கு உரிமை உண்டு. நிர்வாகத்தின் பதில்கள் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் வெளியாகும். பெரிய வாடகைதாரரின் குத்தகை அடுத்த ஆண்டு முடிகிறது, அந்தத் தளத்துக்கு யாரைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.